இடது கைக்குச் சால்வை இல்லை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, ஆசிரியர் காலனி மூன்றாம் தெருவில், பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் மூன்றாவது முறையாக மணி அடித்ததும், வடிவு அக்கா "நான் எந்திரிக்க மாட்டேன்" என்று சொன்னாள். சொன்னபடியே அவள் எழுந்திருக்கவில்லை, அவளுடைய கைகள் மட்டும் எழுந்து போயின.

மணிக்கட்டில் வெண்டைக்காய்க் காம்பு ஒடிகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ரத்தம் இல்லை. வலது கை கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் செம்புத் தண்ணீரில் முங்கி எழுந்து அவள் முந்தானையிலேயே ஈரத்தைத் துடைத்துக்கொண்டது. இடது கை அதற்குக் காத்திருக்காமல் பாதித் தூரம் போயிருந்தது, ஏனென்றால் ஒரு மணி அடித்தால் தண்ணீர், இரண்டு அடித்தால் புரட்டிப் படுக்க வைப்பது, மூன்று அடித்தால் கழுவுவது என்று அதற்குத் தெரியும். இரண்டும் விரல்களால் நடந்து, நடுவீட்டைத் தாண்டி, கட்டில் காலைப் பற்றி மேலேறி, அவள் அப்பா ஆவுடையப்பன் சாரின் வேட்டியை உருவி, புரட்டி, துடைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, பவுடர் போட்டு, வெளுத்த வேட்டியைச் சுற்றிவிட்டு, அவர் பிடியிலிருந்த மணியை வாங்கித் தலைமாட்டில் வைத்தன. சார் கைகளைப் பார்க்கவில்லை. கைகளுக்குப் பின்னால் முகம் எங்கே என்று வாசற்பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவர் முப்பத்தாறு வருஷம் பூகோளம் நடத்தியவர். எழுபத்தெட்டாம் வயதில் விழுந்தார், ஒரு பக்கமும் பேச்சும் போயின, பள்ளிக்கூடத்தில் பிரிவுபசாரத்துக்குக் கொடுத்த பித்தளைக் கைமணி மட்டும் மிஞ்சியது. அவர் விழுந்த மறுமாதம் தட்டச்சர் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள் மகள். யாரும் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை, வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும்தான் எல்லோரும் கேட்டார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தேழு, இப்போது ஐம்பத்தெட்டு. இடையில் போன பதினொரு வருஷத்தில் ஒரு வேளைச் சோற்றையாவது உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் தின்று முடித்ததில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, காசி ராமேஸ்வரம் கேட்கவில்லை, ஒரு தட்டுச் சோறு, நடுவில் எழாமல்.

இது நடந்ததைப் பால்காரர் பார்த்தார், பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கத் தெரிந்தது, யாரும் ஆச்சரியப்படவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகிய வாத்தியார்மார் குடியிருக்கிற தெரு அது, எதற்கும் லேசில் வாய் பிளக்காது. சயின்ஸ் டீச்சர் ராஜகனி பல்லி வாலை உதாரணம் சொன்னார். அறுந்த வால் துள்ளும் சரி, பீ மூத்திரம் அள்ளுமா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வடிவுக்கு வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. பெற்ற அப்பனுக்குச் செய்கிற புண்ணியம், உடம்பைத் தாண்டியும் வேலை செய்கிறது பாருங்கள் என்றார்கள். அவள் தெய்வம் என்றார்கள். ஒரு பெண்ணைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளுக்குச் சோறு போட வேண்டியதில்லை, எங்கள் தெருவுக்கு அது தெரியும்.

முதலில் வந்தது ஞானதிரவியம் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காலனி மூத்தோர் மன்றத்தின் தலைவர், எழுபத்துநாலு வயதில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விடியுமுன் ஆறு சுற்று நடப்பவர், பூங்காவில் பத்துப் பேரை வட்டமாக நிறுத்திக் கையைத் தூக்கிச் சிரிக்க வைப்பவர், முதுமை என்பது மனசில்தான் இருக்கிறது என்று கூட்டம்தோறும் பேசுபவர். அவருடைய மனைவி எஸ்தர் டீச்சர் நாலு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். எஸ்தர் டீச்சரின் முதுமை மனசில் இல்லை, இடுப்பில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அப்பா தூங்குகிற நேரத்தில் கைகள் சும்மாதானே கிடக்கின்றன, ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன என்று சார் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எனக்குச் சோறு திங்கணும் சார்" என்றாள் வடிவு அக்கா.

"தின்னும்மா, யாரு வேண்டாங்கா?" என்று சிரித்துக்கொண்டே ஒயர்க் கூடையில் இரண்டு கைகளையும் எடுத்துவைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. கைகளை வரவழைக்க மணி அடித்தால் போதும் என்பது எப்படியோ வெளியே தெரிந்ததும், பாத்திரக்கடையில் பித்தளை மணிகள் ஒரே வாரத்தில் தீர்ந்துபோயின, பித்தளை கிடைக்காதவர்கள் வெண்கலம் வாங்கினார்கள், வெண்கலமும் கிடைக்காதவர்கள் மாட்டுக் கழுத்து மணி வாங்கிக் கட்டில் சட்டத்தில் கட்டினார்கள். மூன்றாம் தெருவில் விடிந்தால் மணி, பொழுது அடைந்தால் மணி. நெஞ்சுச் சளிக்காரருக்கு ஒரு மணி, இடுப்பு ஒடிந்தவருக்கு ஒரு மணி, நினைவு தவறியவருக்கு எண்ணிக்கையில்லாத மணி, இத்தனை மணிக்கும் இரண்டே கைகள் ஓடின, ஏறின, இறங்கின, கொசுவலைக்குள் நுழைந்தன, குளியலறைத் தரையில் வழுக்கி விழுந்து எழுந்தன. சண்டை வந்தபோது ஞானதிரவியம் சார் மன்றத்து அறிவிப்புப் பலகையில், பள்ளிக்கூட நேர அட்டவணை மாதிரியே கட்டம் போட்டு, எந்த வீட்டுக்கு எந்தப் பீரியட் என்று எழுதி ஒட்டினார். ஏழு வீடு, ஏழு கட்டம். எட்டாவது கட்டம் போடுகிற அளவுக்குத் தாளில் இடம் இருந்தது, அதில் வடிவு என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அட்டவணை வந்த பிறகுதான் வலதும் இடதும் பிரிந்தன. வலது கை சோறு ஊட்டும், மாத்திரை கொடுக்கும், தலை வாரும், திருநீறு பூசும், சிலுவை போடும். அது முன்வாசல் வழியாக வந்தது. அதற்கு ஒரு வீட்டில் கண்ணாடி வளையல் போட்டார்கள், ஒரு வீட்டில் மருதாணி வைத்தார்கள், ராஜகனி டீச்சர் தன் மோதிரத்தையே கழற்றி மாட்டினார். அம்மன் கோயில் பூசாரி குங்குமம் வைத்தார், போதகர் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இடது கை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. பீச்சட்டியும், கோழைக் கிண்ணமும், புண் கட்டின துணியும் இருக்கிற இடத்துக்கு அது கொல்லைச் சந்து வழியாகப் போய்வந்தது. உள்ளே விடுவதற்கு முன்னால் ஒருதரம், வெளியே அனுப்பும்போது ஒருதரம் என்று மேலே இருந்து டெட்டால் தண்ணீர் ஊற்றினார்கள். சாமி விளக்கு எரிகிற வீட்டில் அது நடுவீட்டுக்கு வரக் கூடாது என்று ஒரு மாமி கண்டிப்பாகச் சொன்னாள். அந்த மாமியின் மாமனாரை மூன்று வேளையும் கழுவியது அந்தக் கைதான். நகங்கள் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, அது நடந்த தடத்தில் ஈரம் காயவே இல்லை.

நானும் வரவழைத்தேன். அம்மாவைக் கவனிப்பதற்காகப் பத்தொன்பது வருஷத்து வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவன் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர். ஏழு கட்டத்தில் ஒன்று என்னுடையது. கைகள் வந்து அம்மாவைக் கழுவும்போது நான் அடுத்த அறையில் உட்கார்ந்து, முதியோர் பராமரிப்பு பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல புத்தகம். பராமரிப்பவரும் ஓய்வெடுக்க வேண்டும் என்று அதில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது, எனக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வடிவு அக்கா பட்டினி கிடந்தாள் என்று சொல்ல முடியாது. நாங்கள் அவ்வளவு மோசமில்லை. முறை வைத்து ஆளுக்கொரு வேளை இட்லியோ சோறோ கொண்டுபோனோம். தட்டில் வைத்து, குழம்பு ஊற்றி, பக்கத்தில் செம்பில் தண்ணீரும் வைத்து, சாப்பிடுங்கக்கா என்று சொல்லிவிட்டு வந்தோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். தட்டை முன்னால் வைத்துவிட்டு வந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைகளைத் திருப்பி அனுப்பத் தாமதமாகி, கூடையில் வைத்து நானே கொண்டுபோனேன். ஜன்னல் திறந்திருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு, மொட்டை மணிக்கட்டுகளை இரண்டு பக்கமும் ஊன்றி, தட்டுக்குள் முகத்தை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மூக்கில் ரசம் ஏறி இருமினாள். முடி தட்டுக்குள் விழுந்தது, அதை ஒதுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் பருக்கை ஒட்டியிருந்தது. நான் உள்ளே போய் ஒரு வாய் ஊட்டியிருக்கலாம். ஆம்பிளை போய் ஊட்டினால் தெரு என்ன பேசும் என்று நினைத்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரு ஒன்றும் பேசியிருக்காது. கூடையை நடையில் வைத்துவிட்டு, நாளைக்கு வரேன் வடிவக்கா என்றேன். மறுநாள் நான் போகவில்லை.

அன்று கூடையிலிருந்து இறங்கிய வலது கையை அவள் கூப்பிட்டுப் பார்த்தாளாம். வாம்மா, ஒரு வாய் குடுத்துட்டுப் போ என்று பிள்ளையைக் கொஞ்சுவதுபோலக் கேட்டாளாம். அது அவள் பக்கம் இரண்டு விரல் தூரம் நகர்ந்தது. அதற்குள் நாலாவது வீட்டு மணி அடித்தது. போய்விட்டது. பதினொரு வருஷம் அவளே பழக்கிய கை, மணிக்குத்தான் அடங்கும்.

ஷார்ஜாவிலிருந்து வடிவு அக்காவின் தம்பி நாயகம் வாரம் ஒருமுறை வீடியோவில் வருவான். கைகள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம். இனிமேல் அக்காவுக்கு ஓய்வுதானே, கைகள் பார்த்துக்கொள்கின்றன, அக்கா சும்மா மேற்பார்வை பார்த்தால் போதும், முடிந்தால் தியானம் கற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னான். மன்றத்தில் விழா வைத்திருக்கிறார்கள், கைகளுக்கு விருது கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்பாவின் இரண்டு ஆஸ்பத்திரி வாசத்துக்கும் கிடைக்காத லீவு அவனுக்குக் கிடைத்தது. விழா அன்று காலையில் வந்து இறங்கினான். வந்ததும் ஞானதிரவியம் சாரோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, அக்காவிடம் சொன்னான்: கைகளை மன்றத்துக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. கூடத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து, பட்டு விரித்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், உனக்கும் தொந்தரவு இல்லை. நம் குடும்பத்துப் பெயரைப் பெட்டியிலேயே பொறிக்கிறார்கள்.

"அது என் கைடே" என்றாள் அவள்.

"உனக்கு எதுக்குக்கா இனிமே? எல்லாரும் செஞ்சு தாராவல்லா?"

"இன்னைக்குக் காலைல எனக்கு யாரு ஊட்டுனா, சொல்லு."

அவன் போனைப் பார்த்தான். போனில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்த்தான்.

விழாவுக்கு ஏழு வீட்டுக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினோம். படுக்கையில் கிடந்த ஏழு பேர் பக்கத்திலும் ஏழு மணி வைத்திருந்தோம், ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு இடது கையைச் சந்தில் விட்டிருந்தோம். இடது கையையும் விழாவுக்குக் கூப்பிட வேண்டாமா என்று என்னோடு நடந்து வந்தவர் ஒருத்தர் கேட்டார். அது வந்தால் பந்தியில் யார் சாப்பிடுவார் என்று இன்னொருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், சத்தமாகவே.

தெருவின் கடைசியில் இருந்தது மன்றத்துக் கூடம். மகிழ்ச்சியாய் முதிர்வோம், சமநிலையாய் வாழ்வோம் என்று மேடையில் பேனர். அதற்குக் கீழே வெள்ளித் தாம்பாளத்தில் வலது கை, வளையலும் மோதிரமும் மருதாணியுமாக, பொன்னாடை போர்த்திக்கொண்டு இருந்தது. பந்திக்கு இலை போட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள், இல்லாவிட்டால் கூட்டம் இருக்காது என்று ஞானதிரவியம் சாருக்கு அனுபவம். கவலை இல்லாமல் வயசாவது ஒரு கலை என்றார். நடை, சிரிப்பு, நட்பு, அளவான சாப்பாடு என்றார். தாமரை இலைத் தண்ணீர்போல இருக்க வேண்டும், என்னைப் பாருங்கள், வீட்டில் இவ்வளவு இருந்தும் எப்படி இருக்கிறேன் என்றார். கைதட்டினோம்.

வடிவு அக்காவை முதல் வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பட்டுச் சேலையை யாரோ சுற்றிவிட்டிருந்தார்கள், மணிக்கட்டுகள் தெரியாதபடி முந்தானையை முன்னால் இழுத்துச் செருகியிருந்தார்கள். அவள் இலையிலும் அவியல் வைத்தார்கள், இஞ்சிப் பச்சடி வைத்தார்கள், அப்பளம் வைத்தார்கள், சோற்றைக் குவித்துச் சொதி ஊற்றினார்கள். ஆவி பறந்தது. பரிமாறுகிறவர், சோறு போதுமாக்கா என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார். சார் பேச்சை முடித்து, இனி இந்தக் கைகள் நம் எல்லோருக்கும் சொந்தம் என்று அறிவித்து, நாயகத்துக்கு மாலை போட்டார். நாங்கள் சாப்பிடத் தொடங்கினோம். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூறு பேர் இருந்த கூடம், இவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று ஒரு ஆளுக்குக்கூட உறைக்கவில்லை.

அப்போது இடது கை வந்தது.

யாரும் மணி அடித்து அதை வரவழைக்கவில்லை. எஸ்தர் டீச்சரைப் பாதி கழுவிக்கொண்டிருந்தபோது நிறுத்திவிட்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது. அது வேலையைப் பாதியில் விட்டது அதுதான் முதல்தடவை. கொல்லைச் சந்துக்குப் போகாமல், நடுத்தெருவில் விரல்களை ஊன்றி நடந்து, முன்வாசல் வழியாக, கோலத்தின் மேலேயே ஏறி உள்ளே வந்தது. பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டார்கள், ஆண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், டெட்டால், டெட்டால் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது யாரையும் கவனிக்கவில்லை. கைகழுவுகிற இடத்தில் ஏறிக் குழாயைத் திறந்து, சோப்பில் புரண்டு, சிமிண்டில் உள்ளங்கையைத் தேய்த்து, ஒவ்வொரு நகத்தையும் கல்லில் உரசி, எத்தனை நேரம் வேண்டுமோ அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு கழுவியது. பிறகு முதல் வரிசைக்கு வந்து, அவள் மடியில் ஏறி, முந்தானையை விலக்கி, தன் இடத்தில் பொருந்திக்கொண்டது. அதே காம்பு ஒடிகிற சத்தம், இந்தத் தடவை பின்னால் இருந்து முன்னாலாகக் கேட்டது.

வடிவு அக்கா விரல்களை ஒருதரம் மடக்கி விரித்தாள். பிறகு சொதியையும் சோற்றையும் இடது கையால் பிசைந்தாள். முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தாள்.

கூடத்தில் ஒருவரும் மெல்லவில்லை. சார் மைக்கை அணைக்க மறந்துவிட்டார், அதனால் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது, இது நல்லாருக்காதும்மா, இடது கை, நாலு பேர் இருக்கிற சபை. நாயகம் குனிந்து, "அக்கா, ஒரு ஸ்பூன் கொண்டாரச் சொல்லுதேன்" என்றான்.

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"நாப்பது நாளா ஒங்க யாரு வீட்லயும் ஸ்பூன் இல்லியாடே?"

அவன் பரிமாறுகிறவர் பக்கம் கையைக் காட்டினான்.

"இந்தக் கை எங்க அப்பாவக் கழுவுச்சு. பெறவு ஒங்க எல்லாரு ஆளையும் கழுவுச்சு. அப்ப அசிங்கமா தெரியல. எனக்குச் சோறு எடுத்துக் குடுக்கும்போது அசிங்கமா இருக்கோ? நல்லாப் பாருங்க. எல்லாரும் பாருங்க."

அவள் அடுத்த கவளத்தைப் பிசையும்போது மணி அடித்தது. காற்று தெருப்பக்கம் இருந்து வந்ததால் தெளிவாகக் கேட்டது. மூன்று முறை. எல்லோருக்கும் தெரியும், ஆவுடையப்பன் சாரின் மணி. இடது கை இலையை விட்டு அசையவில்லை.

"வெந்நீர் போடணும் நாயகம், ரொம்பச் சூடு ஆகாது" என்றாள் அவள். "முதுகுல புண்ணு இருக்கு, துடைக்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். போ."

"எனக்குத் தெரியாதேக்கா."

"அப்பா விழுந்தப்ப எனக்கும் தெரியாதுதான்."

அவன் மாலையோடு எழுந்து போனான். அதற்குள் எஸ்தர் டீச்சரின் மணி அடித்தது, அந்தப் பாதியில் விட்ட ஈரத்தோடு எத்தனை நேரம் கிடந்தாரோ, நிறுத்தாமல் அடித்தார். ஞானதிரவியம் சார் கேன்வாஸ் ஷூவைத் தேடினார், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு ஓடினார். நாலாவது வீட்டு மணி, ஐந்தாவது வீட்டு மாட்டு மணி, மாமியின் மாமனார் மணி. சொதியில் பிசைந்த சோறும், கடிக்காத அப்பளமுமாக இலைகளைப் போட்டுவிட்டு ஒவ்வொரு வீட்டுக்காரராக எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

மிச்சத்தைப் பந்தி பரிமாறினவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேடையில் பொன்னாடை அசைந்ததாம். வலது கை தாம்பாளத்தை விட்டு இறங்கி, வளையல் ஒவ்வொன்றாகப் படியில் உடைய நடந்து வந்து, அவள் இலைக்குப் பக்கத்தில் குப்புறக் கவிழ்ந்து கிடந்ததாம். அவள் அதைத் தொடவில்லை, திட்டவில்லை, காத்திருக்க விட்டாள். ரசத்துக்கு ஒருதரம் சோறு வாங்கினாள், மோருக்கு ஒருதரம் வாங்கினாள், அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கினாள். இன்னொரு கரண்டி ஊத்துய்யா, அவசரம் ஒண்ணும் இல்ல என்றாளாம்.

நான் அப்போது அம்மாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபடியே மணியை அடித்துக்கொண்டிருந்தாள். என் வலது கையில் சொதி காய்ந்திருந்தது. எந்தக் கையால் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.